பெரிய தெருவில் ஒரு பிக்கப்

எங்கள் ஊர்ப் பெரிய தெருவில் எனக்கு ஒரு பிக்கப் விழுந்தது. சென்னையில் கார் ஓட்டும் நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னபோது, "விழுந்தா எடுக்க வேண்டியதுதானே, இதுல இன்னா கதை?" என்று கேட்டான். அவன் கேட்டதில் தப்பில்லை. ஆப் வைத்து வண்டி ஓட்டுகிறவனுக்குப் பிக்கப் என்பது மேப்பில் ஒரு பச்சைப் புள்ளி. போன் அலறும். பதினைந்து விநாடி தரும். அதற்குள் விரலை வைத்தால் சவாரி நமக்கு, இல்லையென்றால் அடுத்தவனுக்கு. புள்ளி விழுந்த தெருவில் யார் குடியிருக்கிறார்கள், அந்தத் தெருவுக்குள் நீ எப்படிப் போவாய் என்றெல்லாம் அது கேட்காது.

ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர். ஊர் தனி, காலனி தனி. காலனியில் ஒரு மாதா கோயில், அதைச் சுற்றி நாங்கள். நெடுஞ்சாலைக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்று பெரிய தெரு: சிமெண்டுச் சாலை, நேர் வழி, இரண்டு நிமிடம். இன்னொன்று ஏரிக்கரை: மண்பாதை, சுற்று வழி, மழை பெய்தால் சேறு. காலனிக்காரர்கள் பெரிய தெருவில் போகக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. போகலாம். நடந்து போகலாம். சைக்கிளில் போனால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம்.

அப்பாவிடம் ஒரு மொபெட் இருந்தது. நான் பிறந்தது தொண்ணூற்று மூன்றில். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது இருக்கிறது. பெரிய தெருவின் முனை வந்ததும் அப்பா எஞ்சினை அணைப்பார். நான் பின்னாலிருந்து இறங்குவேன். தெருவின் அந்த முனைவரை அதைத் தள்ளிக்கொண்டு போய், அங்கே மறுபடி உதைத்துக் கிளப்புவார். ஏன் என்று கேட்டதற்கு, "பெட்ரோல் மிச்சம்டா" என்றார். நான் நம்பினேன். எங்கள் அப்பாவைப் போலச் சிக்கனக்காரர் உண்டா என்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியிருக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் பைத்தியம் பிடித்தது. தெருவின் நீளத்தை அடி வைத்து அளந்தேன். மொபெட் லிட்டருக்கு எவ்வளவு ஓடும் என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். ஒரு நாளைக்கு ஒரு சங்குப் பெட்ரோல்கூட மிச்சமாகவில்லை, எஞ்சினை அணைத்து மறுபடி உதைப்பதில் அதுவும் போய்விடுகிறது என்று நோட்டில் போட்டு அப்பாவிடம் காட்டினேன். அப்பா நோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அம்மா வந்து அதைப் பிடுங்கி, "போய்த் தண்ணி எடுத்தா" என்றாள். குடத்தோடு குழாயடிக்குப் போகும் வழியில்தான் எனக்கு விளங்கியது. என் கணக்கில் ஒரு தப்பும் இல்லை என்பதுதான் அதிலிருந்த தப்பு.

திண்டிவனம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் படித்தேன். படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த ஆளாக ஒரு வருடம் ஒரே போல்ட்டை முடுக்கினேன். சகிக்கவில்லை. லைசென்ஸ் எடுத்துக்கொண்டு சென்னையில் ஆப் வண்டிக்குப் போனேன். "இஞ்சினீரு படிச்சிட்டு டிரைவரா" என்று ஊரே கேட்டது. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. எந்த நேரத்தில் எந்தப் பேட்டையில் சவாரி விழும் என்று கண்டுபிடிப்பது பரீட்சைக்குப் படிப்பதைவிடச் சுவாரசியமாக இருந்தது. ஏறுகிறவர் யாரானாலும் எனக்கு சார், இல்லையென்றால் மேடம். அவர்களுக்கு நான் அண்ணா, தம்பி, பாஸ். எந்த ஊர் என்று கேட்டால் திண்டிவனம் என்பேன். ஊரில் எந்தப் பக்கம் என்று இரண்டாவது கேள்வி கேட்கிறவர்கள் குறைவு. கேட்டால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.

ஒரே கஷ்டம், தூக்கம். ஒன்றரை வருடம் காருக்குள்ளேயே படுத்தேன். சீட்டைச் சாய்த்துப் படுத்துப் படுத்து முதுகு அந்த வளைவிலேயே நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரு கம்பெனி தன்னுடைய ஆப்பைத் திண்டிவனம், விழுப்புரம் வரைக்கும் நீட்டுகிறது என்று கேள்விப்பட்ட அன்றே ஒரு பழைய வெள்ளைக் காரை மஞ்சள் போர்டோடு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். வீட்டில் பாய். அம்மா கையால் கேப்பைக் களி. காலையில் மாதா கோயில் புங்கமர நிழலில் நின்ற வண்டியைத் துடைத்து, போனை உயிர்ப்பித்தால் வேலை ஆரம்பம். இதைவிட என்ன வேண்டும்.

ஆனால் அந்தக் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. மூன்று புகார் வந்தால் ஐடியை நிறுத்திவிடுவார்கள். திரும்பத் தருவது அவர்கள் இஷ்டம். ஐடி இல்லாவிட்டால் போன் அடிக்காது. மறுபடி சென்னை, மறுபடி காருக்குள் முதுகு. வந்த மூன்று வாரத்தில் எனக்கு இரண்டு புகார் சேர்ந்திருந்தது. விழுப்புரம் ரயிலடிக்குள் ஆட்டோக்காரர்கள் விடாததால் வாசலுக்கு வெளியே நின்றதற்கு ஒன்று. இரும்பைக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பத்தை, மேப் சொன்னபடி நம்பி ஒரு முந்திரித் தோப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தியதற்கு ஒன்று.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த மூன்று வாரமும் நான் ஏரிக்கரை வழியாகத்தான் வண்டியை எடுத்துப் போய் வந்தேன். அம்மா கேட்டுக்கொண்டாள். பெரிய தெருவில் பெரிய வீடு என்று ஒன்று இருக்கிறது. அவர்கள் நிலத்தில் அப்பா தண்ணீர் பாய்ச்சினார், அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கப் போவாள். "எதுக்கு வம்பு, கரை மேல போயிட்டு வாடா" என்றாள். அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டேன். காரின் அடிப்பாகம் கல்லில் இடிக்கும்போதெல்லாம் அந்தக் கணக்கு நோட்டு ஞாபகத்துக்கு வரும்.

சித்திரை மாதம், பெரிய முகூர்த்த நாள். திண்டிவனம் ஸ்டாண்டு வண்டிகள் அத்தனையும் கல்யாணத்துக்குப் போய்விட்டன. காலை எட்டு மணி இருக்கும். போனை உயிர்ப்பித்ததும் அடித்தது. புள்ளி பெரிய தெருவில், பெரிய வீட்டு வாசலில். போக வேண்டிய இடம் புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரி. மேப்பில் ஒரு நீலக்கோடு காலனியிலிருந்து பெரிய தெருவுக்குள் நேராகப் போனது. ஏரிக்கரைப் பாதை அந்த மேப்பில் இல்லவே இல்லை. அதைப் போட்டவனுக்கு அப்படி ஒரு பாதை எதற்கு என்று தெரிய நியாயமில்லை.

பதினைந்து, பதினான்கு என்று எண் இறங்கியது. நான்கு வரும்போது விரலை வைத்தேன்.

பறிக்கிற வேலைக்குத் தூக்குச்சட்டியோடு கிளம்பிய அம்மா, சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தாள். எங்கே என்று கேட்டாள். சொன்னேன்.

"வேணாம்டா. இல்லன்னு அமுக்கிடு."

எடுத்த சவாரியை நானே ரத்து செய்தால் அது புகாராகப் பதிவாகும், அது மூன்றாவது என்று விளக்கினேன்.

"அவுரு உன் வண்டில ஏறுவாராடா? ஏறலன்னா அசிங்கம் உனக்கு. ஏறுனா பேஜாரு எனக்கு" என்றாள். சொல்லிவிட்டு, என்னைப் போகவிடாமல் பிடித்துக்கொள்வதைப் போல வண்டியின் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் ஏறி உட்கார்ந்ததும் கையை எடுத்துவிட்டாள்.

தெரு முனையில் என் கை தானாகச் சாவிக்குப் போனது. பழக்கம் அப்படி, காலில் மட்டுமில்லை, கையிலும் இருக்கிறது. கையை எடுத்து கியரில் வைத்தேன். பெரிய தெருவின் பாதிச் சாலையில் மல்லாட்டை காயப் போட்டிருந்தார்கள். ஒரு காய்கூட நசுங்காமல், ஓரமாக, இரண்டாவது கியரில் போய்ப் பெரிய வீட்டு வாசலில் நின்றேன். சவாரிக்குக் காத்திருக்கும்போது எஞ்சினை அணைப்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். டீசல் மிச்சம். அன்று அணைக்கவில்லை.

நான் இறங்கி நின்றேன். பெரிய வீட்டுக்காரர் வெளியே வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு. கண்ணில் புரை, பத்து மணிக்கு ஆபரேஷன் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் காலனியில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஆண்டே என்பார்கள். இல்லாத இடத்தில் பெரிய வூட்டுக்காரரு என்பார்கள்.

"யார்ரா நீ? வண்டி எங்க?" என்று கேட்டார். வண்டி வரும் செய்தியைச் சொல்ல வந்த ஆள் என்று நினைத்துவிட்டார்.

"இதான் சார் வண்டி."

சார் என்ற சொல் அவருக்கு ஒட்டவில்லை. கிட்டே வந்து என் முகத்தைப் பார்த்தார். "நம்ம கொல்லில தண்ணி பாய்ச்சுனானே, அவன் புள்ளயா நீ?"

ஆமாம் என்றேன்.

"மொதல்ல எஞ்சின ஆஃப் பண்ணு. தெருவுல இன்னா சத்தம் இது."

என் வண்டி பழையதுதான், ஆனால் நன்றாகப் பராமரித்த எஞ்சின். பக்கத்து வீட்டில் ஓடிய மிக்சி அதைவிடச் சத்தம். "ஆஃப் பண்ணா ஏசி நின்னுடும் சார், உள்ள கொதிக்கும்" என்றேன். அது உண்மை. ஆனால் அதற்காகத்தான் அணைக்கவில்லை என்று சொன்னால் பொய்.

அவர் திரும்பிப் போனை எடுத்து மகளிடம் பேசினார். மகள் சென்னையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வர பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே அவள்தான் அவருக்காக வண்டி போட்டிருந்தாள். "வேற வண்டி போடு" என்றார். என் போனில் சவாரி ரத்து என்று வந்தது. பயணி ரத்து செய்தால் எனக்குப் புகார் இல்லை. சரி, தப்பித்தோம் என்று நினைத்தேனா, விட்டுவிட்டார்களே என்று நினைத்தேனா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வண்டியைத் தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிவரை கொண்டுபோய்த் திருப்பினேன். போன் அடித்தது. அதே புள்ளி.

சுற்றுவட்டாரத்தில் அன்று வேறு வண்டியே இல்லை. ஆப் பக்கத்தில் இருக்கிற வண்டியைத்தான் தேடும். பக்கத்தில் இருந்தது நான்.

எடுத்தேன். மறுபடி போய் நின்றேன். அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி போன் செய்தார். மறுபடி ரத்து. தொட்டிவரை போனேன். அடித்தது. எடுத்தேன். மூன்றாவது தடவை வரும்போது, மல்லாட்டையை ஒதுக்கி எனக்கு வழிவிட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, "இன்னா தம்பி, புள்ளையார சுத்துறாப்புல சுத்திக்கினு கீறே?" என்று கேட்டார். தெருவில் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். என்னைப் பார்த்தா அவரைப் பார்த்தா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. அதுதான் அவரை மிகவும் சுட்டிருக்க வேண்டும்.

மூன்றாவதும் ரத்தானது. அடுத்து அடித்தது ஆப் இல்லை, அழைப்பு. மகள்தான் பேசினாள்.

"அண்ணா, மூணு தடவையும் நீங்களேதான் வர்றீங்க. இன்னொரு வாட்டி போட்டா எடுப்பீங்களா? பத்து மணிக்கு ஆபரேஷன்."

"எடுக்கறேன் மேடம். சார்தான் ஏற மாட்டேங்கறாரு. நான் காலனி."

"தெரியும். ஆப்புல பேரைப் பாத்தப்பவே தெரியும்." பஸ் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள். "போனை ஸ்பீக்கர்ல போடுங்கண்ணா. நான் பேசறது அவருக்குக் கேக்கணும். அவரு போன்ல பேசினா கட் பண்ணிடறாரு."

போட்டேன். இறங்கி, போனைக் காரின் கூரைமேல் வைத்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மிக்சியும் நின்றது.

"அப்பா," என்றது என் போன். "உங்களுக்குக் கண்ணு வேணுமா, தெரு வேணுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நான் டாக்டர்கிட்ட சொல்லணும்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். நாலாவது முறை போன் அடித்தது, நான் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவர் பின்கதவைத் திறந்து, துண்டை சீட்டின்மேல் விரித்து, இரண்டு முனையையும் இழுத்துச் சரிசெய்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்தார். நான் தினமும் துடைக்கிற சீட்டு. கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போது எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்தது. கம்பெனி விதிப்படி, ஆள் மாறி ஏறிவிடாமல் இருக்க, பயணியின் பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும். பழகிய சவாரி என்றால் யாரும் கேட்பதில்லை. நான் ஜன்னலை முழுவதும் இறக்கினேன். போனைப் பார்த்து, இருந்தபடியே அவர் பேரை வாசித்து, சார் சேர்த்து, "நீங்கதானே?" என்று கேட்டேன். தெருவுக்குக் கேட்டது. எங்கள் அப்பா வாயில் வராத பேர், எங்கள் தாத்தா வாயில் வராத பேர். இரண்டெழுத்துச் சின்னப் பேர்தான். சொல்லி முடிக்க அரை விநாடி ஆகவில்லை.

"இன்னாடா சொன்னே?"

"கம்பெனி ரூல்ஸ் சார். பேரு கேக்கணும். அப்புறம் உங்க போனுக்கு நாலு நம்பர் வந்திருக்கும், அத்த சொன்னாத்தான் வண்டி எடுக்க முடியும்."

அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், சாய்த்துப் பார்த்தார். தெரியவில்லை. புரை விழுந்த கண்ணுக்குப் போன் எழுத்து எங்கே தெரியும். தெருவில் யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. போனை முன்னால் நீட்டினார். என் கையில் படாமல் இருக்க அதன் ஒரு நுனியை மட்டும் பிடித்திருந்தார். நான் வாங்கி, நான்கு எண்ணையும் சத்தமாகப் படித்து, என் போனில் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

வண்டி நகர்ந்தது. கிளியனூர் தாண்டியது. சுங்கச்சாவடி தாண்டியதும், "ஜல்தி போ, மணி ஆவுது" என்றார். இப்போது டா இல்லை. அவசரத்தில் விட்டுப்போயிருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் மகள் நின்றிருந்தாள். அவரைக் கைப்பிடித்து இறக்கி, துண்டை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி அவர் நம்பருக்கு வழக்கம்போல் போன் செய்து பயணம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறது. அவர் எப்படி இருந்தது என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவது புகார் விழுந்தது. என் போன் ஊமையானது.

புதுச்சேரி அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். என் வயசுப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரைப் பார்த்துப் படித்தான்: எஞ்சினை அணைக்கச் சொல்லியும் அணைக்கவில்லை, மரியாதை இல்லாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டார். படித்துவிட்டு அவனே நெற்றியைச் சுருக்கினான். "பேரு சொல்லணும்கறது நம்ம ரூல்தானே பாஸ்?" என்று என்னிடம் கேட்டான். ஆமாம் என்றேன். "அப்ப இன்னா பிரச்சனை?" அவன் புதுச்சேரிக்காரன், அவனுக்கு இது தெரியாமலிருப்பது நல்லதுதான் என்றுகூடத் தோன்றியது. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விசாரித்து ஐடி திறப்பார்கள் என்றான். தாள் கொடுத்தான். நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். நடந்ததை எழுதினேன், தெருவின் அகலம் முதற்கொண்டு. மன்னிக்கவும் என்ற சொல் அதில் இல்லை. அவன் தேடிப் பார்த்துவிட்டு, "எங்கயாவது ஒரு சாரி போடேன்" என்றான். இடமில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருந்தாள். பெரிய வீட்டு நிலத்தில் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். அவளோடு பறிக்கும் மூன்று பேருக்கும் சேர்த்து. அம்மா என்னைத் திட்டவில்லை. என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள், திட்டியிருந்தால் தேவலை. ஒலக்கூருக்கு அந்தப் பக்கம் வேறொரு நிலத்தில் வேலை கிடைத்தது. நடந்து போனால் ஒன்றரை மணி நேரம், அதுவும் பறிக்க ஆரம்பிக்கும்முன் கத்திரி வெயிலில் பாதி உயிர் போய்விடும்.

எனக்கு வண்டி இருந்தது. சவாரிதான் இல்லை. மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்து வீட்டு வாசலில் நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தேன். அம்மா வேறுவழியின்றி ஏறினாள். மற்ற மூவரும் ஏறினார்கள். நான் ஏரிக்கரைப் பக்கம் திரும்பவில்லை. பெரிய தெரு முனையில் அம்மா முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு சீட்டில் தாழ்ந்தாள். நான்கு பேருக்கும் அந்த இரண்டு நிமிடம் மூச்சு நின்றதை நான் முன்னால் உட்கார்ந்து கேட்டேன். மாலையும் அதே வழி. அடுத்த நாளும் அதே வழி. யாரும் வழிமறிக்கவில்லை. பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் சாயங்காலம் வண்டியின் பின்கண்ணாடியில் யாரோ மண்ணை வாரி அடித்திருந்தார்கள். துடைத்தேன். காலையில் மறுபடி அதே வழி.

நான்காம் நாள், அந்த மூவரில் ஒருத்தியான சித்தி பின்சீட்டிலிருந்து, "ஏசிய நிறுத்திட்டு கண்ணாடிய எறக்குடா" என்றாள்.

வெயில் உள்ளே வருமே என்றேன்.

"வந்தா வரட்டும். உள்ள யாரு போறாங்கன்னு தெரியாம அவுங்க பாட்டுக்குப் பாத்துக்கினு கீறாங்க பாவம். நம்ம மூஞ்சி தெரிய வேணாவா?"

இறக்கினேன். நான்கு முகமும் தெரியும்படி, மல்லாட்டை ஒன்றும் நசுங்காமல், இரண்டாவது கியரில் போனேன். அம்மாவின் முந்தானை தோளில் கிடந்தது. அன்று சாயங்காலம் அவள் என்னிடம் பேசினாள். காருக்குள் மண் வருகிறது, மிதியடி வாங்கிப் போடு என்றாள்.

ஏழு நாள் ஊமையாக இருந்த போன் எட்டாம் நாள் காலை உயிர் பெற்றது. என் கடிதத்தை யாராவது படித்தார்களா என்று தெரியாது. நீதி கிடைத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அன்று மறுபடி முகூர்த்தம். கம்பெனிக்கு வண்டி போதவில்லை. நிறுத்தி வைத்த ஐடிகளை எல்லாம் திறந்துவிட்டார்கள் என்று விழுப்புரத்தில் ஓட்டும் இன்னொருவன் சொன்னான். அவனுக்கும் அன்றுதான் திறந்ததாம்.

அம்மாவையும் மற்றவர்களையும் இறக்கிவிட்டு வந்து புங்கமரத்தடியில் நிறுத்தினேன். போன் அடித்தது. பெரிய தெரு, பெரிய வீடு, அதே ஆஸ்பத்திரி. கண்ணை மறுபடி காட்ட வரச் சொல்லியிருப்பார்கள்.

பதினைந்து விநாடி. இந்தச் சவாரியை எடுக்காமல் விட்டால் யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. அம்மாவுக்கு அந்த நிலத்தில் இன்னும் வேலை இல்லை. எடுத்தால் நாலாவது புகார் வரலாம், ஐடி ஒரேயடியாகப் போகலாம். இதெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பதின்மூன்றில் விரல் வைத்துவிட்டிருந்தேன். அவருக்கு இறங்கிப்போனதாக யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் ஊர்த் தெருவில் எனக்கு விழுந்த சவாரி அது. அதை இன்னொருவனுக்கு ஏன் விட வேண்டும்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. நான் எஞ்சினை அணைக்கவில்லை. அவர் அணைக்கச் சொல்லவுமில்லை. பேரைச் சொன்னேன், இந்தமுறை கொஞ்சம் மெதுவாக. "ம்" என்றார். நான் கேட்பதற்கு முன்பே நான்கு எண்ணையும் சொன்னார். மகள் போனில் சொல்லி மனப்பாடம் செய்துவைத்திருக்க வேண்டும், பள்ளிக்கூடப் பையன் ஒப்பிப்பதைப் போல இருந்தது. ஏறி உட்கார்ந்தார். துண்டு தோளிலேயே இருந்தது. மனசு மாறிவிட்டது என்று இதை நான் எழுத மாட்டேன். மறந்திருக்கலாம். வெயிலுக்கு முகம் துடைக்க அது வேண்டியிருந்திருக்கலாம்.

வண்டி தெருவின் பாதியைத் தாண்டியபோது எதிரே அப்பா வந்தார். நெடுஞ்சாலைப் பக்கமிருந்து, மொபெட்டின் பின்னால் அரைத்த கேப்பை மாவு மூட்டையைக் கட்டிக்கொண்டு. உட்கார்ந்து வந்தார். அந்த மொபெட்டின் சத்தம் மிக்சியையும் டிராக்டரையும் தோற்கடிக்கும். நான் ஓரம் ஒதுங்கினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பின்னால் இருந்தவரையும் பார்க்கவில்லை. மல்லாட்டை மேல் ஏறிவிடாமல் சாலையை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டு முழங்காலையும் அகட்டி, கடந்து போனார். பின்னால் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எந்தக் கண்ணால் பார்த்தாரோ.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கையைக் கழுவிக்கொண்டே, சும்மா கேட்பதைப் போல, ஏன் இறங்கித் தள்ளவில்லை என்று அப்பாவிடம் கேட்டேன்.

"மானம் கருத்துக்கினு வந்துச்சுடா," என்றார். "மாவு நனைஞ்சிடப் போவுதேன்னு பாத்தேன்."

கத்திரி தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. அன்று முழுவதும் வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை. நான் இந்தமுறை கணக்குப் போட்டுக் காட்டவில்லை.